ஒருத்தர் கையில் சுவிட்ச்: ஸ்டார்லிங்க், கிளவுட், நம்ம நாட்டுப் பாதுகாப்பு

செந்தூல்_சாமி

இது கட்சிச் சண்டைக்கான இழை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி நடத்தும் செயற்கைக்கோள் இணையச் சேவைதான் ஸ்டார்லிங்க். 2023 ஜூலையில் அதற்கு மலேசியாவில் உரிமம் கிடைத்தது, உள்ளூர்ப் பங்காளி இல்லாமல், 100 விழுக்காடு வெளிநாட்டு உரிமையோடு. அதே மாதம் அவருடைய டெஸ்லாவும் இங்கே கடை திறந்தது. மறு வருடம் அமெரிக்கத் தேர்தலில் மஸ்க் 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். 2025 ஜனவரியிலிருந்து மே வரை அங்கே அரசுத் துறைகளை வெட்டிக்கொண்டிருந்தார். ஜூனில் அதிபரோடு பகிரங்கச் சண்டை. சண்டைச் சூட்டில், நாசாவின் விண்வெளி வீரர்களை ஏற்றிப்போகும் டிராகன் விண்கலத்தையே ஓய்வுக்கு அனுப்பிவிடுவேன் என்று எழுதினார், சில மணி நேரத்தில் வாபஸ் வாங்கினார்.

நாசாவுக்கே இந்த நிலை என்றால், சபா சரவாக் உட்புறத்துப் பள்ளியும் கிளினிக்கும், நாளைக்கு ரோந்துக் கப்பலும் இதில் தொங்குவது சரியா? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கடாரத்தான்

இதுல என்னண்ணே ஆராய்ச்சி? கிரிமியா பக்கம் சண்டை நடக்கிறப்போ சுவிட்சை அணைச்ச ஆள்தானே. ஒரு நாட்டோட போரையே தனி ஒருத்தர் முடிவு பண்றாரு. கதை முடிஞ்சது.

பழைய_டெலிகாம்

தம்பி, அப்படி நடக்கவில்லை. 2023இல் வந்த வாழ்க்கை வரலாற்று நூல் முதலில் அப்படித்தான் சொன்னது. பிறகு அதை எழுதியவரே திருத்தினார். கிரிமியாவில் சேவை அணைக்கப்படவில்லை, அங்கே அது போடப்படவே இல்லை. அங்கே செவஸ்தபோல் துறைமுகத்தில் இருந்த ரஷ்யக் கடற்படையைத் தாக்கப் போன ஆளில்லாப் படகுகளுக்காக உக்ரைன் கேட்டபோது, போட்டுவிட மறுத்தார்.

இது சின்ன வித்தியாசம் இல்லை. அணைப்பது ஒரு செயல், அதற்கு யாராவது காரணம் கேட்கலாம். மறுப்பதற்கு யாரும் எதுவும் கேட்க முடியாது, ஏனென்றால் எந்த ஒப்பந்தத்திலும் அந்த இடம் எழுதப்படவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உக்ரைனுக்காக முறையான ஒப்பந்தம் போட்டதே 2023 ஜூனில்தான். அதுவரை, நடக்கிற போர் ஒன்று நன்கொடையிலும் நல்ல மனசிலும் ஓடியது.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் தனி அடையாள எண் உண்டு, தான் எங்கே இருக்கிறது என்பது ஜிபிஎஸ் மூலம் அதற்குத் தெரியும். தரையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் சேவை உண்டு, எதில் இல்லை என்று கம்பெனி மையத்திலிருந்து குறிக்கிறது. ஆகவே ஒரு நாட்டை, ஒரு மாவட்டத்தை, ஏன் ஒரே ஒரு டிஷ்ஷை மட்டும்கூடத் துண்டிக்கலாம். 2025 அக்டோபரில் மியன்மார் மோசடி முகாம்களைச் சுற்றி 2,500க்கு மேற்பட்ட டிஷ்களை நிறுத்திவிட்டதாக ஸ்பேஸ்எக்ஸே அறிவித்தது. அந்த மாதிரி முகாம்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் சிக்கினார்கள், அதனால் நல்ல காரியம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். அந்தச் சுவிட்சை யார் எந்தச் சட்டத்தின்படி தொட்டார்கள் என்று அன்றைக்கு நம்மில் யார் கேட்டோம்?

மீன்கொத்தி

ஐயா சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றையும் ஒரு முதலாளியின் குணத்தில் போய் முடிப்பது எனக்கு ஒப்பவில்லை.

2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலையில், வயாசாட் கம்பெனியின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணைய மோடம்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. நிர்வாக வலையமைப்புக்குள் ஹேக்கர்கள் புகுந்து மோடம்களின் நினைவகத்தையே அழித்துவிட்டார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. அங்கே கோடீஸ்வரர் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் படுத்தது, அதற்குக் காரணம் மைய வலையமைப்பை ஓட்டும் உள் மென்பொருள். உள்ளூர்க்காரன் என்றால் பத்திரமா? 2021 ஜூனில் நம்ம மீசாட்-3 செயற்கைக்கோள் கோளாறாகி நிலைகுலைந்தது, அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

ஒற்றை வழியை நம்பினால் அது யாருடையதாக இருந்தாலும் அடி விழும்.

கடாரத்தான்

மீசாட் பேச்சு வந்ததால கேக்குறேன். பிரிக்பீல்ட்ஸ்ல பிறந்த நம்ம ஆனந்த கிருஷ்ணன் மட்டும் என்ன? மீசாட் செயற்கைக்கோள், மேக்சிஸ் கைப்பேசி, ஆஸ்ட்ரோ டிவி மூணும் ஒரே கையில. அப்போ பிரதமரா இருந்த மகாதீருக்கு நெருக்கம்னு ஊருக்கே தெரியும். அப்போ யாரும் நாட்டுப் பாதுகாப்புன்னு கத்தலயே. நம்ம ஆளுன்னா ஒரு நியாயமா?

பழைய_டெலிகாம்

கேட்க வேண்டிய கேள்விதான். 2024 நவம்பரில் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகளில் பாதி, இதைத் தொடாமல் சுற்றிப்போயின.

மீசாட்-1 ஏவப்பட்டது 1996 ஜனவரியில். நாட்டின் தொலைக்காட்சி, கைப்பேசி, வானத்துப் பாதை மூன்றிலும் பெரும் பகுதி ஒரே குழுமத்தில் குவிந்தது உண்மை. அதற்கு அரசியல் தயவு உதவியது என்று சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன். வித்தியாசம் பிடிமானத்தில் இருக்கிறது. அவருடைய தரை நிலையம் சைபர்ஜெயாவில், அலைவரிசை நம் அரசு ஒதுக்கியது, உரிமம் 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ். அரசு நினைத்தால் மறுநாள் காலை தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் அதிகாரி வாசலில் நிற்கலாம். அந்தப் பிடி நல்லாட்சிக்கும் உதவும், ஊடகத்தை மிரட்டவும் உதவும். அது வேறு இழை.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று லேசர் வழியாகப் பேசிக்கொள்கின்றன. உங்கள் தரவு இங்கே தரையிறங்கியே ஆக வேண்டும் என்ற தொழில்நுட்பக் கட்டாயம் இல்லை. உரிமத்தை ரத்து செய்யலாம், ஆனால் சேவையைத் தொடர வைக்க முடியாது. நமக்கு வேண்டியதோ இரண்டாவது பிடி.

ஜெலுத்தோங்_கயல்

சட்டப் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன்.

அந்தப் பிடியை மற்ற நாடுகள் எப்படி வாங்கப் பார்த்தன? தைவான், உள்ளூர்ப் பெரும்பான்மைப் பங்கு இல்லாமல் முடியாது என்று நின்றது. முழு உரிமை வேண்டும் என்று ஸ்பேஸ்எக்ஸும் நின்றது. பேச்சு முறிந்து, தைவான் போட்டிச் செயற்கைக்கோள் கம்பெனியான ஒன்வெப் பக்கம் போனது. 2023 பிப்ரவரியில் மாட்சு தீவுகளின் இரண்டு கடலடிக் கேபிள்களும் அறுந்து ஊர் கிட்டத்தட்ட 50 நாள் நுண்ணலைத் தொடர்பில் தவழ்ந்தது; அப்படியும் அவர்கள் விதியைத் தளர்த்தவில்லை. இந்தியா வேறு வழி. 2025 மே மாதம் பாதுகாப்பு நிபந்தனைகளைக் கடுமையாக்கிவிட்டு, ஜூனில் உரிமம் கொடுத்தது: தரை நுழைவாயில் நாட்டுக்குள், சட்டப்படி இடைமறிக்க வசதி, எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குத் தனிக் கண்காணிப்பு வலயம். குடிமக்களை ஒட்டுக்கேட்கவும் அதே வசதிதான் பயன்படும், அதையும் சொல்லியாக வேண்டும்.

மறுகோடியில் ஆப்பிரிக்காவின் குட்டி நாடு லெசோத்தோ. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 50 விழுக்காடு இறக்குமதி வரி அறிவித்த அதே மாதம் ஸ்டார்லிங்க்குக்கு 10 ஆண்டு உரிமம் கொடுத்தது.

நாமும் வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை. 2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் அமெரிக்காவோடு கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தில், அமெரிக்கக் கம்பெனிகள் மீது டிஜிட்டல் சேவை வரி போட மாட்டோம், சமூக ஊடக, கிளவுட் கம்பெனிகளை உள்நாட்டு நிதிக்குப் பணம் கட்டச் சொல்ல மாட்டோம் என்று எழுதிக்கொடுத்தோம். முதலாளியும் வாஷிங்டனும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவன் கையில் என்ன மிஞ்சும் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டாம்.

மீன்கொத்தி

அதற்காக நாம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2026 ஜனவரியில் மஸ்க்கின் செயற்கை அறிவுச் செயலி குரோக் பெண்களின் படங்களை ஆபாசமாக மாற்றிக் கொடுத்தபோது இந்தோனேசியாவுக்கு அடுத்து தடுத்தது நாம்தானே.

செந்தூல்_சாமி

தடுப்பது கை வந்த கலை லா. சாமி கேட்பது, அவர்கள் நம்மைத் தடுத்தால்?

அதோடு ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. மஸ்க்குக்கு அமெரிக்காவில் மட்டுமா முதலீடு? டெஸ்லாவின் பெரிய தொழிற்சாலை ஷாங்காயில். சீனாவில் ஸ்டார்லிங்க்கை விற்க மாட்டேன் என்று பெய்ஜிங் தன்னிடம் உறுதி கேட்டதாக 2022இல் அவரே பேட்டி கொடுத்தார். தைவானைச் சீனாவின் சிறப்பு நிர்வாக வட்டாரமாக ஆக்கலாம் என்று யோசனை சொன்னதும் அதே பேட்டியில். சரவாக் கரைக்கு எதிரே லுக்கோனியா பாறைத்திட்டுப் பக்கம் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் வருடக்கணக்காகச் சுற்றுகின்றன. அங்கே நம் ரோந்துக் கப்பலும் எண்ணெய் மேடையும் இந்த இணைப்பை முதன்மைத் தொடர்பாக வைத்திருந்தால், நெருக்கடி நாளில் அழுத்தம் வாஷிங்டனிலிருந்து வர வேண்டும் என்றில்லை.

பழைய_டெலிகாம்

கடலைப் பற்றிய அந்தப் பகுதிதான் இந்த இழையிலேயே கனமானது, சாமி. விசைப்படகு மாலுமி வீட்டோடு பேச ஸ்டார்லிங்க் வைத்துக்கொள்ளட்டும். கட்டளைத் தொடர்புக்கு ராணுவத்தின் சொந்த எச்எஃப் ரேடியோவும் (செயற்கைக்கோள் இல்லாமலே தூரம் எட்டும் வானொலி) புவிநிலைச் செயற்கைக்கோள் (பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவது) குத்தகையும் முதலில், இது மூன்றாவது. வேகத்தில் மயங்கி வரிசையை மாற்றிவிடக்கூடாது. ஸ்டார்லிங்க்கின் 550 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 30, 40 மில்லிசெகண்டில் பதில் வரும். புவிநிலைச் செயற்கைக்கோளின் 35,786 கிலோமீட்டரிலிருந்து 600க்கு மேல். காணொளி அழைப்புக்கு அது பெரிய வித்தியாசம். "நிலைக்குத் திரும்பு" என்ற இரண்டு சொல் கட்டளைக்கு ஒன்றுமே இல்லை.

அம்பாங்_ரசம்

பெரிய விஷயமெல்லாம் பேசுகிறீர்கள். எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு என்ன? பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம், 12 பேர். சுங்க அறிவிப்பு எல்லாம் இணையத்தில். ஃபைபரும் இருக்கிறது, ஸ்டார்லிங்க்கும் வாங்கலாம் என்கிறார் முதலாளி. போதுமா?

பாயான்லெப்பாஸ்_பிட்

இதற்குத்தான் காத்திருந்தேன். நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் ஃபைபர் யாருடையது என்று பாருங்கள். பில்லில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். நாட்டின் பல பகுதிகளில் மற்ற கம்பெனிகள் விற்பதும் டெலிகாம் மலேசியா (டிஎம்) போட்ட அதே கண்ணாடி நாரைத்தான். இரண்டு கம்பெனிக்குப் பணம் கட்டி, ஒரே பள்ளத்தில் ஒரே கேபிள். ஒரு எஸ்கவேட்டர் இரண்டையும் ஒன்றாக அறுக்கும். 4ஜி, 5ஜி கோபுரமும் பல இடங்களில் அதே ஃபைபரில்தான் திரும்புகிறது, மின்சாரம் போனால் கோபுரத்துப் பேட்டரி சில மணி நேரம்தான். அந்த வகையில் செயற்கைக்கோள் உண்மையிலேயே வேறு பாதை. இரண்டாவது இணைப்பாக வாங்குங்கள், முதலாவதாக வேண்டாம். 2023இல் தொடங்கியபோது மாதம் 220 வெள்ளி, டிஷ் 2,300 வெள்ளி. இப்போதைய விலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிஷ் வைக்கும் இடம். நாம் பூமத்திய ரேகைப் பக்கம். ஸ்டார்லிங்க்கின் பெரும்பாலான செயற்கைக்கோள்கள் 43, 53 பாகைச் சாய்வில் ஓடுகின்றன, அதனால் அந்த அட்சரேகைகளில் நெருக்கம், நம் தலைக்கு மேலே அடர்த்தி குறைவு. போதாக்குறைக்கு, புவிநிலைச் செயற்கைக்கோள்களின் வளையம் பினாங்கில் கிட்டத்தட்ட உச்சியில் போகிறது. அவற்றுக்கு இடைஞ்சல் கொடுக்கக்கூடாது என்ற சர்வதேச விதிப்படி உச்சியில் ஒரு பட்டையை விட்டு ஒதுங்க வேண்டும். ஆக வடக்கு தெற்குப் பக்கம் சரிவான வானம் திறந்திருக்க வேண்டும். ஐரோப்பிய வீடியோவைப் பார்த்து "மேலே வானம் தெரிந்தால் போதும்" என்று இரண்டு கொண்டோவுக்கு நடுவில் வைத்தால் நிமிடத்துக்கு ஒருமுறை அறுபடும். மழையில் வலுவிழக்கும் கேயு பேண்ட் அலைவரிசை என்பதால் சாயங்காலக் கொட்டுமழையில் சில நிமிடம் போகும், அதற்கு மருந்து இல்லை.

ரவுட்டர். இரண்டு இணைய லைனைச் செருக இரண்டு WAN துளை உள்ளதாக இருக்க வேண்டும், ஸ்டார்லிங்க்கின் சொந்த ரவுட்டரை பைபாஸ் முறையில் (அது ஒதுங்கி, உங்கள் ரவுட்டரே வேலை செய்யும்படி) போட்டுவிடுங்கள். பொதுவாக எல்லோரும் கோட்டைவிடும் இடம் சோதனை முகவரி. ரவுட்டர் தனக்கு அடுத்துள்ள பெட்டியை (கேட்வே) மட்டும் உயிரோடு இருக்கிறதா என்று பிங் செய்துகொண்டிருந்தால், பெட்டி உயிரோடு இருக்கும், இணையம் செத்திருக்கும், மாற்றம் நடக்காது. வெளியே மூன்று முகவரி கொடுங்கள்: 1.1.1.1, 8.8.8.8, மூன்றாவது மலேசியாவுக்குள் இருக்கும் ஏதாவது ஒன்று. 5 வினாடிக்கு ஒருமுறை, தொடர்ந்து 3 முறை மூன்றுமே தவறினால் மாறட்டும். திரும்பி வரும்போது அவசரம் வேண்டாம், 10 நிமிடம் ஃபைபர் நிலையாக இருந்த பிறகுதான். இல்லாவிட்டால் மழை நாளில் முன்னும் பின்னும் தாவித் தாவி எல்லா லாகினும் அறுந்துபோகும்.

சாதாரணத் திட்டத்தில் ஸ்டார்லிங்க் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி) கொடுக்காது, 100.64ல் தொடங்கும் பகிர்வு முகவரிதான் கிடைக்கும். வெளியிலிருந்து சிசிடிவி பார்ப்பது, அலுவலக விபிஎன் சர்வர் எல்லாம் அந்த நேரம் வேலை செய்யாது. உங்கள் ஐபியை மட்டும் அனுமதித்திருக்கும் வங்கித் தளமும் கதவைச் சாத்தும். நாட்டுக்குள் ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் சர்வர்) வாடகைக்கு எடுத்து, அலுவலகத்திலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளால் சுரங்கம் போடுங்கள்; அமைப்பில் கீப்அலைவ் 25 வினாடி, எம்டியூ (பொட்டல அளவு) 1,380. வங்கியிடம் அந்த விபிஎஸ் ஐபியைக் கொடுங்கள், எந்த லைன் ஓடினாலும் அது மாறாது.

மின்சாரம்: டிஷ் 75 முதல் 100 வாட், ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் இன்னொரு 20. கடையில் கிடைக்கும் 1000 விஏ யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு இருக்கும், முக்கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரி ஒன்றைத் தனி இன்வெர்ட்டரோடு போட்டால் ஒரு முழு வேலை நாள்.

அம்பாங்_ரசம்

மிக்க நன்றி அண்ணே. அப்போ ஸ்டார்லிங்க் முதலாளிக்குக் கோபம் வந்தாலும் ஃபைபர் இருக்கு, கவலையில்லை?

பாயான்லெப்பாஸ்_பிட்

லைன் பத்திரம். நீங்கள் பத்திரம் இல்லை. அலுவலக மெயில், ஃபைல், கணக்கு மென்பொருளுக்கு லாகின் எல்லாம் ஒரே அமெரிக்கக் கம்பெனியின் கணக்கில் இருக்கும், பெரும்பாலும் அப்படித்தான். அந்தக் கணக்கு பூட்டப்பட்டால் இரண்டு லைனும் சும்மா மினுக்கிக்கொண்டிருக்கும்.

ஜெலுத்தோங்_கயல்

இது கற்பனை இல்லை, அம்பாங். 2025 ஜூலையில் குஜராத் வாடினாரில் உள்ள நயாரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம்: ரஷ்யாவின் ரோஸ்னெஃப்டுக்கு அதில் 49 விழுக்காடு பங்கு, ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது, சில நாளில் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. இந்தியச் சட்டப்படி அந்தக் கம்பெனி எந்தத் தப்பும் செய்யவில்லை. டெல்லி உயர்நீதிமன்றம் போனார்கள், அதற்குப் பிறகு சேவை திரும்பியது. அங்கே முதலாளியின் கோபம்கூடத் தேவைப்படவில்லை, வெளிநாட்டு உத்தரவு ஒன்று போதும்.

தரவு மையம் சைபர்ஜெயாவில்தானே என்று ஆறுதல் பட வேண்டாம். அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டு கிளவுட் சட்டப்படி, அமெரிக்கக் கம்பெனியின் கட்டுப்பாட்டில் உள்ள தரவு எந்த நாட்டில் இருந்தாலும் அமெரிக்க நீதிமன்ற ஆணைக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைத் தேடிப் படியுங்கள். சேவையை நிறுத்தும் உரிமை "எங்கள் விருப்பப்படி" என்று இருக்கிறதா, எத்தனை நாள் முன்னறிவிப்பு. பொருளாதாரத் தடை, ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றிய விதி எந்த நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறது. வெளியேறினால் தரவை எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் தருவார்கள். 12 பேர் அலுவலகத்துக்காக ஒரு வரியும் மாற்ற மாட்டார்கள், ஆனால் எங்கே அடிபடுவோம் என்று தெரியும். பெரிய நிறுவனங்களுக்குப் பேரம் பேச இடம் உண்டு. அதிலும் நம் நாட்டின் 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தில் (854வது சட்டம்) வருகிற 11 துறைகளில் முக்கியத் தகவல் கட்டமைப்பு நிறுவனமாகக் குறிக்கப்பட்டிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை இடர் மதிப்பீடு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை கட்டாயம். சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் விவரம், 14 நாளுக்குள் கூடுதல் விவரம் தேசிய இணையப் பாதுகாப்பு முகமையான நாக்சாவுக்குப் போக வேண்டும். இடர்ப் பட்டியல் என்று வருகிறவற்றில் ரேன்சம்வேர், வெள்ளம், தீ எல்லாம் இருக்கும். "சேவையாளரே நிறுத்திவிட்டால்" என்ற வரிதான் இருக்காது. மதிப்பீட்டில் அதைச் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

கடாரத்தான்

கயலக்கா, கவர்மென்ட்டே எல்லா வேலையையும் அந்த மெயில்லதானே பாக்குது?

ஜெலுத்தோங்_கயல்

அதனால்தான் தம்பி சட்டம் அரசையும் கட்டுப்படுத்தும் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியது போல் நடக்க வைப்பது நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பவர்கள் வேலை.

பாயான்லெப்பாஸ்_பிட்

அம்பாங், உங்கள் அளவுக்குச் செய்யக்கூடியது. டொமைன் உங்கள் கம்பெனி பெயரில் இருக்கட்டும், வெப்சைட் போட்டுக்கொடுத்த பையன் பெயரில் அல்ல. .my என்றால், அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் மைனிக் அங்கீகரித்த உள்ளூர் முகவரிடமே வாங்கலாம். அந்த முகவர் கணக்குக்கு அதே டொமைன் மெயிலைக் கொடுக்காதீர்கள். மெயில் பூட்டப்பட்ட அன்று டொமைனுக்குள்ளும் நுழைய முடியாது, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். டிஎன்எஸ்ஸும் (டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போகும் என்ற பதிவேடு) மெயில் கம்பெனியிடமே இருக்க வேண்டாம். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்லை (பழைய தகவலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 3,600 வினாடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், 86,400 என்று விட்டால் மாற்றிய பிறகும் ஒரு நாள் முழுக்கப் பழைய இடத்துக்குப் போய் முட்டும். உள்ளூர் ஹோஸ்டிங்கில் ஒரு காலி அஞ்சல்பெட்டித் தொகுப்பு தயாராக இருந்தால், எம்எக்ஸை மாற்றி ஒன்றிரண்டு மணி நேரத்தில் புது மெயில் வரத் தொடங்கும்.

பழைய மெயிலையும் ஃபைலையும் வாரம் ஒருமுறை அலுவலகத்தில் வைக்கும் சேமிப்புப் பெட்டிக்கு (நாஸ்) இறக்குங்கள். ஒத்திசைவு மட்டும் போதாது, அங்கே அழிந்தால் இங்கேயும் அழியும். தேதி வாரியாகத் தனிப் பிரதி வேண்டும். கணக்கு மென்பொருளுக்கு "கூகுள் மூலம் நுழை" பொத்தானை நிறுத்திவிட்டுத் தனிக் கடவுச்சொல் வையுங்கள்.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை ஃபைபரைக் கையால் பிடுங்கி, மெயில் கணக்கையும் யாரும் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு சுங்க அறிவிப்பைக் கடைசிவரை அனுப்பிப் பாருங்கள்.

அம்பாங்_ரசம்

கடவுச்சொல் எல்லாம் அந்த மெயிலிலேயே ஒரு ஃபைலில் இருக்கிறது அண்ணே.

பாயான்லெப்பாஸ்_பிட்

இன்றைக்கே அச்செடுத்து இரும்புப் பெட்டியில் வையுங்கள். நாளைக்குக் கீபாஸ் மாதிரி ஆஃப்லைன் பெட்டகத்துக்கு மாற்றலாம். டிஷ் அடுத்த மாதம் வாங்கினால்கூடப் பரவாயில்லை.